இசைத்தட்டு பதில்கள்: ஃப்ரெடிக்கு மீசை வந்தது எந்த வருஷம்?

போன இதழில், பாப் பாடகர்களின் வாழ்க்கைப் படங்களைப் பாட்டுக்காகப் பாருங்கள், வரலாற்றுக்காகப் பார்க்காதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பழைய தெலுங்குப் பாட்டு பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்தை யாரும் சீண்டவில்லை. கடிதம் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். ஆகவே இந்த முறை வேறு கேள்விகள் இல்லை.

'பொஹீமியன் ராப்சடி' படத்தில், தனக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தும் குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி லைவ் எய்ட் நிதிக் கச்சேரி மேடை ஏறுகிறாரே, அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுதுவிடுகிறேன். அதுவும் பொய் என்று சொல்லிவிடாதீர்கள்! — ஒரு வாசகி, காரைக்குடி

சொல்லாமல் விட எனக்கும் ஆசைதான். தேதிகள் விடமாட்டேன் என்கின்றன. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13. ஃப்ரெடிக்கு நோய் உறுதியானது 1987-ல். கடைசிவரை கூட இருந்த ஜிம் ஹட்டன் சொன்ன கணக்கு அது. ஊருக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23. மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். வெம்ப்ளி மேடையில் நின்ற மனிதருக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை, கொடுத்த நேரத்துக்குள் எத்தனை பாட்டை அடக்குவது என்பதாகத்தான் இருந்திருக்கும்.

படம் இன்னொன்றும் சொல்கிறது. குவீன் குழு சண்டை போட்டுப் பிரிந்து, வருஷக்கணக்கில் சேர்ந்து வாசிக்காமல் கிடந்து, லைவ் எய்டுக்காகத்தான் கை கோத்தது என்று. நடந்ததைப் பாருங்கள். 1984 பிப்ரவரியில் அவர்களுடைய 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வருகிறது. அதை வைத்து ஊர் ஊராகக் கச்சேரி. 1985 ஜனவரியில் பிரேசிலில் 'ராக் இன் ரியோ' மேடை. மே மாதம் ஜப்பான். அங்கிருந்து திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெம்ப்ளி. கை துருப்பிடிக்க நேரம் எங்கே இருந்தது?

தனி ஆல்பம் போடப் போனதால் ஃப்ரெடி துரோகி ஆகிறார், அப்புறம் வந்து மன்னிப்புக் கேட்கிறார். இதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டுவிட்டார். கிட்டார் வாசித்த பிரையன் மே தனியாக ஒன்று செய்தது 1983-ல். ஃப்ரெடியின் முறை 1985 ஏப்ரலில்தான் வந்தது. மூன்று பேர் செய்த ஒரே காரியம் ஒருவர் கணக்கில் மட்டும் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தின் இசைக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் யார் தெரியுமா? மேயும் டெய்லரும். (நான்காமவர் ஜான் டீக்கன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.) இறந்தவர் வந்து, ஐயா, நீங்களும்தானே போட்டீர்கள் என்று கேட்கப் போவதில்லை.

ஃப்ரெடியின் மேலாளர் பால் பிரெண்டர் என்று ஒரு வில்லன் வருகிறாரே, அவர் கதையும் இப்படித்தான். படத்தில் வருவதுபோல முன்பே அல்ல, அவரை ஃப்ரெடி வேலையைவிட்டு அனுப்பியது லைவ் எய்டுக்குப் பிறகு. ஃப்ரெடியின் அந்தரங்கத்தைப் பத்திரிகைக்கு விற்றது 1987-ல். உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லைவ் எய்ட் அழைப்பை மறைத்துவைத்த பாவத்தையும் சேர்த்து அவர் தலையில் கட்டினார்களே, அது கொஞ்சம் அதிகம். அவரும் 1991-ல் இறந்துவிட்டார்.

இத்தனையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. லைவ் எய்டில் அவர்கள் வாசித்த அந்த 21 நிமிஷம் ஏன் அவ்வளவு பிரமாதமாக அமைந்தது? லண்டனில் ஷா தியேட்டர் என்ற சின்ன அரங்கத்தை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒத்திகை செய்தார்கள். பெயர் பெற்ற பாட்டுகளையே வெட்டினார்கள். 'பொஹீமியன் ராப்சடி'யில் முதல் பகுதி மட்டும், ஆபரா பகுதி வருவதற்குள் நிறுத்தி, மூச்சு விடாமல் 'ரேடியோ காகா'வுக்குத் தாவல். அங்கே 72,000 பேரும் சொல்லிவைத்ததுபோலத் தலைக்குமேல் கை தட்டினார்கள். விளக்கு ஜாலம் எதுவும் உதவாத கோடைகாலச் சாயங்கால வெளிச்சம். மற்ற குழுக்கள் புதுப் பாட்டு, பிடித்த பாட்டு என்று அசமந்தமாக வாசித்துக்கொண்டிருக்க, இவர்கள் 6 பாட்டைப் பரீட்சைக்குப் படித்ததுபோலப் படித்துவந்து கொட்டினார்கள். அத்தனையும் உழைப்பு. படம் அந்த உழைப்பைப் பிடுங்கி நோயின் கையில் கொடுத்துவிட்டது. சாகப்போகிறவன் பாடினான், அதனால் நன்றாகப் பாடினான், அவ்வளவுதான் கதை.

பியானோ மேலிருந்த பெப்சி கோப்பைகளை மட்டும் அச்சு அசலாக அதே இடத்தில் வைத்திருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் அழுவதை நிறுத்த வேண்டாம். யூடியூபில் அசல் நிகழ்ச்சி இருக்கிறது, அதைப் பார்த்து அழுங்கள்.

'வீ வில் ராக் யூ' பாட்டை உருவாக்கும் காட்சியில் ஃப்ரெடிக்கு மீசை இருக்கிறது. அந்தப் பாட்டு வந்தபோது அவருக்கு மீசை கிடையாது என்கிறான் என் பையன். இதெல்லாம் ஒரு குற்றமா? — க.மு., சிவகாசி

பையன் சொன்னது சரி. பாட்டு 1977, மீசை 1980. படம் பாட்டை 1980-க்குத் தள்ளிவிட்டது. அதே படத்தில், எழுபதுகளின் முதல் பாதியில் அமெரிக்கா போகும் குழு 1978-ல் வந்த 'ஃபேட் பாட்டம்ட் கேர்ள்ஸ்' பாட்டை வாசிக்கிறது. இந்த மாதிரி மீசைப் பிழைகளுக்கு நான் கோபப்படுவதில்லை. ஒன்றைத் தவிர: 'வீ வில் ராக் யூ' பாட்டின் உண்மைக் கதை, படத்தில் உள்ளதைவிட ருசியானது.

1977 மே மாதம், இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு பக்கம் பிங்லி ஹாலில் கச்சேரி. முடிந்து குழு மேடையைவிட்டு இறங்குகிறது. கூட்டம் கலையாமல், கால்பந்து மைதானத்தில் பாடும் பாட்டு ஒன்றைத் தானாகவே பாட ஆரம்பிக்கிறது. நாம் வாசிக்க அவர்கள் கேட்பது போதும், அவர்கள் வாசிப்பதற்கு ஒரு பாட்டு செய்வோம் என்று பிரையன் மேவுக்குத் தோன்றியது அங்கேதான். நெருக்கி நிற்கிற கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலால் தரையை உதைக்கலாம், கை தட்டலாம், பாடலாம். கடைசியில் வரும் கிட்டாரைத் தவிர, பாட்டில் அந்த மூன்றும்தான் இருக்கின்றன.

பதிவு நடந்தது லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவில். முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். அங்கே கிடந்த பழைய மரப் பலகைகள்மேல் நின்று உதைத்துப் பதிவு செய்தார்கள். நான்கைந்து பேர் உதைத்ததை ஆயிரம் பேராக மாற்ற வேண்டும். சும்மா எதிரொலி போட்டால் குகைக்குள் உதைப்பது மாதிரி கேட்கும். பிரையன் மே இயற்பியல் படித்தவர் இல்லையா? ஒரே ஓசையைப் பல தடவை தள்ளித் தள்ளி ஒட்டினார். அந்த இடைவெளிகளைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தார். அப்படி வைத்தால் ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக விழுந்து எதிரொலியாகத் திரளாது. தூரத்தில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று ஒரு கூட்டமே நிற்பதுபோல இருக்கும். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள், புரியும்.

எண்பதுகளில் திருச்சியில் நான் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். ஒரு எல்.பி. இசைத்தட்டு கைக்கு வந்தால் முதல் வேலை உறையைத் திருப்புவது. பாடகர் படம் முன்பக்கம். எந்த ஸ்டூடியோ, எந்த இன்ஜினியர், யார் யார் வாசித்தார்கள் என்பதெல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில். இந்தப் படங்கள் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் பார்த்து எடுத்தவை.

'பொஹீமியன் ராப்சடி' பாட்டு நீளம் என்று சொல்லி விரட்டும் அந்த ரெக்கார்டு கம்பெனி அதிகாரி ரே ஃபாஸ்டர் இப்போது எங்கே? — இன்னும் அவர்மேல் கோபம் தீராதவன், மதுரை

கோபத்தை ஆற்றிக்கொள்ளுங்கள், அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஈ.எம்.ஐ.யில் இருந்த ஓர் அதிகாரியின் சாயலில் செய்த பாத்திரம். அந்த வேஷம் கட்டியவர் மைக் மையர்ஸ். 1992-ல் 'வேன்ஸ் வேர்ல்ட்' படத்தில் இதே பாட்டுக்குக் காரில் உட்கார்ந்து தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியவர். அவர் வாயாலேயே, இதைக் கேட்டு எந்தப் பையன் காரில் தலையாட்டுவான் என்று சொல்லவைப்பதற்காகத்தான் அந்தப் பாத்திரமே.

ஃப்ரெடி இந்தியாவில் படித்தவராமே? — மாணவர், நாகர்கோவில்

ஆமாம். சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன் ஃபரூக் புல்சாரா, மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் வளர்ந்தவர். ஃப்ரெடி என்று பெயர் ஒட்டிக்கொண்டது அங்கே. 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு பள்ளிக் குழுவில் பியானோ வாசித்ததும் அங்கே. படம் இதைச் சில வரி வசனத்தில் கடந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் தனிப் படமே எடுக்கலாம்.

'ரே' படத்தை வைத்து, இனப் பாகுபாட்டை எதிர்த்த கலைஞர் என்று வகுப்பில் பாடம் நடத்தினேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸைத் தடை செய்தது, பிறகு 1979-ல் மன்னிப்புக் கேட்டது என்று சொன்னேன். சரிதானே? — ஆசிரியை, விருத்தாசலம்

எதிர்த்தார் என்பது சரி. தடையும் மன்னிப்பும் படக்காரர்கள் சேர்த்தவை. அப்படி ஒரு தடையே இல்லாதபோது எதை நீக்குவார்கள்?

1961 மார்ச்சில் ஆகஸ்டா நகர பெல் ஆடிட்டோரியத்தில் கச்சேரி. கீழே நடனத் தளம் வெள்ளையருக்கு, கறுப்பினத்தவர் மாடியில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. பக்கத்தில் பெய்ன் கல்லூரி மாணவர்கள் ரே சார்ல்ஸுக்குத் தந்தி கொடுத்துச் சொல்கிறார்கள். அவர் வாசிக்க மறுக்கிறார். ஏற்பாட்டாளர் கோர்ட்டுக்குப் போக, ரே அபராதம் கட்டுகிறார். 1963-ல் அதே அரங்கத்தில் பிரிவினை இல்லாத கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கிறார். 1979-ல் அவர் பாடிய 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' மாநிலப் பாடலாகிறது. சட்டமன்றத்துக்கே வந்து பாடுகிறார்.

படத்தில் அரங்க வாசலில் ஒரு இளைஞன் நேரில் வந்து பேசுகிறான், ரே அந்த நிமிஷமே பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுகிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கூடிப் பேசி, தந்தி ஆபீசுக்குப் போய், காசு கொடுத்து, வார்த்தை எண்ணி எழுதிய மாணவர்கள் காணாமல் போய்விட்டார்கள். வகுப்பில் திருத்தும்போது அவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் பிள்ளைகள் வயதுதான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

ஒரு உபரித் தகவல்: அந்தப் படத்தின் திரைக்கதையை பிரெய்ல் எழுத்தில், கண் தெரியாத ரே சார்ல்ஸிடமே கொடுத்தார்கள். 2004-ல் படம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் இறந்துபோனார். நாயகனே ஒப்புக்கொண்டான் என்பதற்காகக் கதை வரலாறாகிவிடாது.

குடும்பத்திடமோ குழுவிடமோ போனால்தானே சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது? உரிமையே வாங்காமல் துணிந்து எடுக்க வேண்டியதுதானே! — வழக்கறிஞர், திருநெல்வேலி

எடுத்துப் பார்த்தார்கள், சார். பிரபலமானவரின் வாழ்க்கையைப் படமாக்க அங்கே பெரும்பாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாட்டுக்குத்தான் பூட்டு, அதுவும் இரண்டு: எழுதி மெட்டமைத்த உரிமை ஒன்று, பதிவான ஒலியின் உரிமை இன்னொன்று. 2013-ல் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பற்றி ஒரு படம். ஹெண்ட்ரிக்ஸின் பாட்டுகளைத் தர அவருடைய குடும்ப நிறுவனம் மறுத்துவிட்டது. ஆகவே அவருடைய சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், அடுத்தவர் பாட்டுகளை வாசிக்கும் ஹெண்ட்ரிக்ஸாக ஓட்டினார்கள். 2020-ல் இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி பற்றிய படத்துக்கும் அதே கதி. போவி பாட்டு இல்லாத போவி படத்தை யார் பார்ப்பது?

அனுமதி வாங்கவில்லை, அதனால் நேர்மை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஹெண்ட்ரிக்ஸ் தன் காதலியை டெலிபோன் ரிசீவரால் அடிப்பதாக அந்தப் படத்தில் ஒரு காட்சி. அப்படி நடக்கவே இல்லை என்று அந்தக் காதலி கேத்தி எட்சிங்ஹாமே வெளிப்படையாகச் சண்டைக்கு வந்தார். அனுமதி வாங்கினால் உயிரோடு இருப்பவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், வாங்காவிட்டால் யார்மேல் வேண்டுமானாலும் சேறு. நடுவில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. அதைக் கடைசிக் கேள்விக்கு முந்திய கேள்வியில் சொல்கிறேன்.

'ராக்கெட்மேன்' படத்தில் எல்டன் ஜானும் கூட்டமும் அந்தரத்தில் மிதக்கிறார்கள், பாட்டு வரிசையும் தாறுமாறு. அதை மட்டும் நீங்கள் திட்டுவதே இல்லை. எல்டன் ஜான் உங்களுக்கு மாமனா மச்சானா? — ஒரு நேர்மையான வாசகர், ஈரோடு

மனிதன் மிதக்கிறான் என்றால் இது நிஜமில்லை என்று படமே தண்டோரா போடுகிறது. 1970-ல் லாஸ் ஏஞ்சலிஸ் 'ட்ரூபடோர்' மேடையில், 1972-ல் வந்த 'க்ரோக்கடைல் ராக்' பாடுகிறார். தப்புதான். ஆனால் கூட்டமே காற்றில் எழும்பும்போது யார் வருஷம் பார்ப்பார்கள்? ஒரே ஒரு இடத்தில் எனக்கு முள் குத்தியது. தன் பெயரிலுள்ள 'ஜான்' எங்கிருந்து வந்தது என்பதற்கு, அவர் சுவரில் தொங்கும் பீட்டில்ஸ் ஜான் லென்னன் படத்தைப் பார்க்கிறார். உண்மையில் அது லாங் ஜான் பால்ட்ரியிடமிருந்து வந்தது. எல்டன் ஜான் சின்னப் பையனாக பியானோ வாசித்த குழுவின் பாடகர் பால்ட்ரி. 'எல்டன்' என்பது அதே குழுவில் சாக்ஸஃபோன் வாசித்த எல்டன் டீனிடமிருந்து வந்தது. உலகப் புகழ் லென்னனுக்கு இந்தச் சில்லறை தேவையா? பால்ட்ரிக்கு விட்டிருக்கலாம்.

பாப் டிலன் படத்தில் அந்த 'யூதாஸ்!' கூச்சல்? — ஒரு கிட்டார்க்காரர், புதுச்சேரி

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறிய டிலனைத் துரோகி என்று ரசிகர் கத்தியதுதானே? 'எ கம்ப்ளீட் அன்நோன்' படம் அதை 1965 ஜூலை, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வைத்திருக்கிறது. யாரோ ஒருவர் அப்படிக் கத்தியது 1966 மே 17, இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில். இதில் படக்காரர்களைச் சொல்லி மட்டும் குற்றமில்லை. இந்தக் கூச்சலுக்கு விலாசப் பிழை பிறவியிலேயே வந்தது. அந்தக் கச்சேரியின் திருட்டுப் பதிவு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற தப்பான பெயரோடு பல வருஷம் கை மாறிக்கொண்டிருந்தது. 1998-ல் கம்பெனி முறையாக வெளியிட்டபோதும் பழகிப்போன பெயரை விடமுடியாமல், மேற்கோள் குறிக்குள் 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்றே அச்சடித்தார்கள். என்னைப் போன்ற இசைத்தட்டுப் பித்தர்களுக்கு இது ஒரு தனி சுகம்.

நஷ்டம் என்னவென்றால், நியூபோர்ட்டிலிருந்து மான்செஸ்டர் 10 மாதம். அந்த 10 மாதமும் எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்தால் ஊருக்கு ஊர் கூச்சல் கிடைக்கும் என்று தெரிந்தே மேடை ஏறினார் டிலன். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அந்தப் பிடிவாதம் தெரியாமல் போகிறது. மற்றபடி, நடிகர் தானே பாடி, தானே வாசித்த படம். அதற்கு என் ஓட்டு உண்டு.

நம் ஊரில் இளையராஜா படம் வருமா? வந்தால் இப்படித்தான் இருக்குமா? — பலர்

2024 மார்ச்சில் அறிவித்தார்கள்: தனுஷ் நடிக்க, அருண் மாதேஸ்வரன் இயக்கம். எப்படி இருக்கும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. 'அன்னக்கிளி' முதல் பாட்டுப் பதிவில் கரன்ட் போன கதையை ராஜா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது கட்டாயம் இருக்கும், மின்னல் வெட்டும் சேர்ந்துகொள்ளும். எனக்கு வேண்டியது வேறு. இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த வருஷங்களை ஒரு பாட்டுக்குள் ஓட்டிவிடாமல் காட்டுவார்களா? வயலின்காரர்கள் நோட்ஸைப் பார்த்து வாசித்து, ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்த அந்தப் பகல்களைக் காட்டுவார்களா? வாத்தியக்காரர்களுக்குப் பெயர் இருக்குமா? இருந்தால் முதல் நாள் முதல் காட்சி.

திட்டியதெல்லாம் போதும். ஒரு நல்ல படம் சொல்லுங்கள். — ஒரு வாசகி, கோயம்புத்தூர்

'ட்வென்டி ஃபோர் ஹவர் பார்ட்டி பீப்பிள்', 2002. மான்செஸ்டரில் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனி நடத்திய டோனி வில்சனின் கதை. நான் சொன்ன நடுவழி இதுதான். 1976 ஜூனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு மான்செஸ்டரில் வாசித்தபோது இருந்த கூட்டம் 40 பேர் போல. பின்னாளில் நானும் அங்கிருந்தேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில். படமே அந்தச் சின்னக் கூட்டத்தைக் காட்டிக் கிண்டலடிக்கிறது. இன்னொரு இடம்: பஸ்காக்ஸ் குழுவில் பாடிய ஹோவர்ட் டெவோட்டோவைப் பற்றிக் கழிப்பறையில் ஒரு ஏடாகூடமான காட்சி. அங்கேயே நிஜ டெவோட்டோ துப்புரவுத் தொழிலாளி வேஷத்தில் நின்றுகொண்டு, இப்படி நடந்ததாக எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறார். கட்டுக்கதை, அதற்கு மறுப்பு, இரண்டும் ஒரே டிக்கெட்டில். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

இவ்வளவு பிழை கண்டுபிடிக்கிறீர்களே, உங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பவர் கதி என்ன? — ஒரு தாய்மார், தஞ்சாவூர்

மீசை விஷயத்தை இரண்டாவது தடவை சொன்னபோது என் மனைவி எழுந்துபோய்த் தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.